ஆயுதங்களை அழகு செய்தோரும் சேர்த்து வைத்தோரும்

சில ஆண்டுகளுக்கு முன் ஆரணி நகரில் ஒரு மாலை வகுப்பின் முடிவில் மாணவன் ஒருவன் நம்மிடம் வந்து, "ஹஜ்ரத், எங்கள் வீட்டு ஊதுகுழலில் அரபி எழுத்து இருக்கிறது. வந்து பார்க்கிறீர்களா?" என்று கேட்டான். அவன் வீடு பட்டு நூலுக்குச் சாயம் தோய்க்கும் வீடு. மறுநாள் சென்றோம். சாய அடுப்பின் அருகே அமர்ந்திருந்த அவனுடைய பாட்டியார், கையிலிருந்த இரும்புக் குழலைத் துடைத்து நம்மிடம் நீட்டினார். ஒரு முழத்திற்குச் சற்று மிகுந்த நீளம். ஒரு முனை எட்டுப் பட்டையாகவும் மறுமுனை உருளையாகவும் இருந்தது. தடித்த முனையின் பக்கவாட்டில் ஒரு சிறு துளை. அதை யாரோ களிமண்ணால் அடைத்திருந்தனர். புகைக்கரியின் கீழே தேய்ந்த எழுத்துகளில் 'ஹா' என்பதையும் 'ரா' என்பதையும் மட்டுமே நம்மால் படிக்க முடிந்தது.

அது ஊதுகுழலாகப் பிறந்த பொருளன்று. துப்பாக்கியொன்றின் அறுத்தெடுத்த குழல். பக்கத்துத் துளை, மருந்துக்குத் தீ செல்லும் துளை. "தாளும் மையும் கொண்டு வந்து எழுத்தைப் படியெடுத்துக் கொள்கிறோம், அதுவரை பத்திரமாக வைத்திருங்கள்" என்று கூறி வந்தோம். நோன்பு வந்தது, அதன்பின் தேர்வுகள் வந்தன. இரண்டு மாதம் கழித்துச் சென்றபோது அவ்வீட்டில் எரிவாயு அடுப்பு வந்திருந்தது. குழலோ பழைய இரும்பு வாங்குபவரிடம் எடைக்குப் போயிருந்தது. பாட்டியார் மிக வருந்தினார். வருந்த வேண்டியவர் அவரல்லர், நாமே. அந்த இரண்டு மாத அசட்டை இன்றும் நம் நெஞ்சை உறுத்துகிறது. இக்கட்டுரை எழுந்ததும் அந்த உறுத்தலால்தான்.

ஆரணி என்றதும் நேயர்களுக்குப் பட்டுச் சேலையே நினைவுக்கு வரும். ஆனால் பதினெட்டாம் நூற்றாண்டில் இவ்வூரின் பெயரை உலகறியச் செய்தவை தறிகள் அல்ல, துப்பாக்கிகள். 1751-ஆம் ஆண்டு ஆற்காட்டு முற்றுகையிலிருந்து மீண்ட ராபர்ட் கிளைவ், பின்வாங்கிச் சென்ற ராஜா சாகிபின் படையையும் அவருக்குத் துணைநின்ற பிரெஞ்சுக்காரரையும் துரத்திவந்து, அவ்வாண்டு டிசம்பர் 3-ஆம் நாள் ஆரணிக்கருகே முறியடித்தார். அப்போருக்குப்பின் தோற்ற படையின் சிப்பாய்கள் பலர் கிளைவிடம் வேலை கேட்டு வந்தனர். நல்ல ஆயுதத்துடன் வந்தவர்களை மட்டும் அவர் சேர்த்துக்கொண்டார் என்றும், அவர்கள் அறுநூறு பேர் என்றும் ராபர்ட் ஓர்ம் என்னும் ஆங்கில வரலாற்றாசிரியர் எழுதியிருக்கிறார். மனிதனின் விலையை அவன் தோளில் சாத்திய துப்பாக்கியைக் கொண்டு மதித்த காலம் அது.

முப்பத்தோராண்டு கழித்து இரண்டாம் மைசூர்ப் போரின்போது, ஆரணிக் கோட்டை ஹைதர் அலியின் படைக்கு முக்கியமான சேமக்கிடங்காக விளங்கியது. அதைக் கைப்பற்றும் நோக்குடன் சர் அயர் கூட் படை நடத்திவர, 1782 ஜூன் 2-ஆம் நாள் இங்கே மீண்டும் போர் மூண்டது. ஹைதர் ஆங்கிலப் படையை ஒருபுறம் ஈர்த்து நிறுத்த, அவருடைய மைந்தர் திப்பு மறுபுறம் கோட்டையிலிருந்த பொருள்களைக் காத்துக்கொண்டார். கூட் வெறுங்கையுடன் திரும்ப நேர்ந்தது. அவ்வாண்டு டிசம்பரில் சித்தூருக்கு அண்மையில் ஹைதர் அலி காலமானார். திப்புவுக்கும் இந்தப் பகுதிக்கும் உள்ள உறவு போரோடு நிற்பதன்று. ஆற்காட்டில் அடங்கியிருக்கும் திப்பு மஸ்தான் அவுலியாவின் பெயரையே பெற்றோர் அவருக்குச் சூட்டினர். ஆகவே ஆரணியில் ஒரு பழைய துப்பாக்கிக் குழல் கிடைப்பது வியப்புக்குரியதன்று. அது அடுப்படி சேர்ந்ததும் அங்கிருந்து எடைக்குப் போனதுமே எண்ணிப் பார்க்க வேண்டியவை.

ஆயுதங்களைப் பற்றிய நம் சொற்களே ஒரு சிறு வரலாறு. 'துப்பாக்கி' என்பது துருக்கியரின் 'துஃபெக்' என்னும் சொல்லின் வழிவந்தது. 'பீரங்கி' என்பது ஐரோப்பியரைக் குறிக்கும் 'ஃபிரங்கி' என்பதோடு உறவுடையது. அரபியில் 'புந்துக்' என்றால் ஒருவகைக் கொட்டை. அக்கொட்டை போன்ற உருண்டை குண்டுக்குப் பெயராகி, குண்டு எறியும் கருவி 'புந்துக்கிய்யா' ஆயிற்று. உருதுவில் 'பந்தூக்' என வழங்குகிறது. இத்தனை அயற்சொற்களுக்கு நடுவே தமிழன் தன் சொல்லையும் வைத்தான். துப்பாக்கியில் மேலெழுந்து நின்று தட்டும் உறுப்புக்குக் 'குதிரை' என்று பெயரிட்டான். பின்னுக்கு இழுத்து நிறுத்தி, விசையைத் தொட்டதும் பாயவிடுவது குதிரையல்லாமல் வேறென்ன?

இந்தக் குதிரையின் செயலை அறிந்தால் கைத்துப்பாக்கியின் வரலாறு முழுவதும் விளங்கும். திப்புவின் காலத்துத் துப்பாக்கியில் குதிரையின் வாயில் ஒரு சக்கிமுக்கிக் கல் பிணைக்கப்பட்டிருக்கும். கட்டைவிரலால் குதிரையைப் பாதி இழுத்தால் அது காப்பு நிலை. முழுதும் இழுத்தால் சுடும் நிலை. விசையை அழுத்தியதும் கல் எஃகுத் தகட்டில் உரசி, தீப்பொறி கிண்ணத்து மருந்தில் விழுந்து, துளை வழியே உள்ளே பாயும். ஒரு வெடி முடிந்தால் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தாக வேண்டும்.

பல வெடிகளை ஒருங்கே நிரப்பி வைக்கும் ஆசை நம் நாட்டுக் கொல்லர்களுக்கும் இருந்தது. பல அறைகள் கொண்ட உருளையைக் கையால் திருப்பித் திருப்பிச் சுடும் திரித்துப்பாக்கிகள் இந்தியாவில் முன்பே செய்யப்பட்டன. அவற்றிற் சில இன்றும் அரும்பொருட்காட்சிகளில் உள்ளன. அமெரிக்கரான சாமுவேல் கோல்ட் 1830-இல் பதினாறு வயதில் 'கோர்வோ' என்னும் கப்பலில் கல்கத்தாவுக்குப் பயணம் செய்தார்; அப்பயணத்தின்போதே சுழலும் உருளையின் மாதிரியை மரத்தில் செதுக்கினார் என்பர். குதிரையை இழுக்கும்போதே உருளை ஓர் அறை திரும்பிப் பூட்டிக்கொள்ளும் அமைப்புக்கு 1836-இல் தம் நாட்டில் உரிமம் பெற்றார். 1851-இல் இலண்டனில் பொறியாளர் சபையில் உரையாற்றியபோது, தமக்கு முற்பட்ட சுழல்துப்பாக்கிகளைப் பட்டியலிட்ட அவர், இந்தியாவில் செய்த ஒன்றையும் எடுத்துக்காட்டினார். முன்னோர் செய்ததை மறைக்காத அந்த நேர்மை பாராட்டத்தக்கது.

கோல்ட்டின் அமைப்பில் ஒவ்வொரு வெடிக்கும் குதிரையைக் கட்டைவிரலால் இழுத்தே ஆகவேண்டும். விசைக்கு உள்ள ஒரே செயல் குதிரையை விடுவிப்பது. இதனால் இவ்வகைக்கு 'ஒற்றைச் செயல்' சுழல்துப்பாக்கி என்று பெயர். 1851-இல் இலண்டனில் ராபர்ட் ஆடம்ஸ் என்பவர் விசையை அழுத்தினாலேயே குதிரை தானாக எழுந்து பாயும் வகையைச் செய்தார். புதுமை வந்தும் பழமை அழியவில்லை. 1873-இல் அமெரிக்கப் படை ஏற்றுக்கொண்ட கோல்ட் நிறுவனத்தின் ஒற்றைச் செயல் துப்பாக்கி 1940 வரை தொடர்ந்து செய்யப்பட்டது. விரும்புவோர் மிகுந்தமையால் 1956-இல் மீண்டும் செய்யப்படலாயிற்று. தம் விருப்பத்திற்கேற்ப அதற்குத் தந்தப் பிடி வைப்போரும், குழலைக் குறுக்குவோரும், உடல் முழுதும் கொடிவேலை செதுக்குவிப்போரும் அங்கே பலர். தளபதி பேட்டன் 1916-இல் வாங்கிய துப்பாக்கி வெள்ளி முலாமும், தம் பெயரின் முதலெழுத்துகள் பொறித்த தந்தப் பிடியும் கொண்டது. இன்று அது அரும்பொருளாகப் போற்றப்படுகிறது.

ஆனால், ஒரு பொதுக் கருவியை உரியவரின் மனத்திற்கேற்ப மாற்றி அழகு செய்யும் இக்கலை அமெரிக்கருக்கு முன்பே ஸ்ரீரங்கப்பட்டணத்தில் உச்சத்தை எட்டியிருந்தது. திப்பு சுல்தான் ஐரோப்பியத் துப்பாக்கியின் அமைப்பை எடுத்துக்கொண்டு அதைத் தம் அரசின் முத்திரையால் மாற்றினார். 1788 ஆகஸ்டில் பிரெஞ்சு மன்னர் பதினாறாம் லூயியைக் கண்ட அவருடைய தூதர்கள், திரும்பும்போது பலவகைக் கைவினைஞரை அழைத்து வந்தனர். எனினும் அவருடைய தொழிற்கூடங்களில் உருவானவை வெறும் பிரெஞ்சுப் படிகளாக இருக்கவில்லை. குதிரையே புலியின் வடிவில் வளைந்து நிற்கும். குழலின் வாய் புலிவாயாகத் திறந்திருக்கும். எஃகின்மேல் 'பப்ரி' எனப்படும் புலிக்கோடுகள் ஓடும். கைத்துப்பாக்கிகள் இணையாகச் செய்யப்பட்டன. ஒன்றுக்கு விசையமைப்பு வலப்பக்கமும் மற்றொன்றுக்கு இடப்பக்கமும் இருக்கும். இடுப்பின் இருபுறமும் செருகும்போது இரண்டும் உடலோடு ஒட்டிப் பொருந்துவதற்கு இது ஏற்ற முறையன்றோ?

எழுத்தறிந்தோர்க்கு இவற்றில் வேறோர் இன்பமும் உண்டு. 'இறைவன் அருளிய அரசு' எனப் பொருள்படும் 'சர்க்காரே குதாதாத்' என்பதும், 'பட்டண்' என்று ஊரின் பெயரும், ஆண்டும் பொன்னிழையால் பதிக்கப்பட்டிருக்கும். அவ்வாண்டு பெரும்பாலும் ஹிஜ்ரி அன்று. சுல்தான் 'மவ்லூதி' என்னும் புதிய ஆண்டுக்கணக்கை நடைமுறைப்படுத்தினார். ஹிஜ்ரி 1201-ஐ ஒட்டி வந்த அக்கணக்கின் ஆண்டு 1215. நாணயங்களில் அதன் எண்களை அரபி எழுத்தைப் போல வலமிருந்து இடமாகப் பொறிக்கவும் செய்தார். இதை அறியாது படிப்போர் 1215-ஐ 5121 என்று படித்துத் திகைப்பர். 'ஹைதர்' என்னும் பெயரின் எழுத்துகளும் அவருடைய அரசின் அடையாளமாயின. ஹைதர் என்றால் அரபியில் சிங்கம். ஹஜ்ரத் அலி (ரலி) அவர்களின் பட்டப்பெயர். அப்ஜத் கணக்கில் ஹா எட்டு, யா பத்து, தால் நான்கு, ரா இருநூறு, ஆக 222. தந்தையின் பெயரும் வீரத்தின் பெயரும் ஒரே சொல்லில் அமைந்தன. நம் மாணவன் வீட்டுக் குழலிலும் ஹாவும் ராவும் இருந்தன என்பதைக் கொண்டு நேயர்கள் அவசரப்பட வேண்டாம். அவ்விரண்டு எழுத்தும் நூறு பெயர்களில் வரும். நடு எழுத்துகளைப் படித்திருந்தால் தெரிந்திருக்கும். படியெடுக்காத குற்றம் எவ்வளவு பெரிதென்று இப்போது விளங்குகிறதல்லவா?

ஆயுதத்தை அழகு செய்வது பற்றி மார்க்க அறிஞர் என்ன கூறினர் என்று சிலர் வினவக்கூடும். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாட்பிடியின் முனைக்குமிழ் வெள்ளியால் ஆனது என அனஸ் (ரலி) அவர்கள் வழியாக அபூதாவூத், திர்மிதி ஆகிய தொகுப்புகளில் வருகிறது. ஆகவே ஆயுதத்தில் வெள்ளி வேலைப்பாட்டை ஹனஃபி, ஷாஃபிஈ இரு மத்ஹபு அறிஞர்களும் அனுமதித்தனர். பொன்னில் கண்டிப்புக் காட்டினர். பிரித்தெடுக்கவியலாத மெல்லிய பூச்சுக்கு மட்டும் சிலர் இடமளித்தனர். சுல்தான்கள் பொன்னிழைத்தது அரசவை வழக்கம். அதைச் சட்டத் தீர்ப்பாகக் கொள்ளவேண்டியதில்லை. அழகைவிடப் பாதுகாப்பையே நபிமொழிகள் மிகுதியாக வலியுறுத்துகின்றன. உறையிலிடாத வாளைக் கைமாற்றுவதும், உடன்பிறப்பை நோக்கி ஆயுதத்தை நீட்டுவதும் தடுக்கப்பட்டன. கடைத்தெருவில் அம்புடன் செல்வோர் அதன் முனையைப் பிடித்துக்கொள்ளுமாறு பணிக்கப்பட்டனர். இன்று துப்பாக்கி சேர்ப்போர் கற்கும் முதற்பாடமும் இதுதான். பழைய ஒற்றைச் செயல் துப்பாக்கியில் அறை ஆறாயினும் ஐந்தையே நிரப்பிக் குதிரையைக் காலி அறையின்மேல் இறக்கி வைப்பது வழக்கம். கீழே விழுந்தால் தானே வெடிக்கக்கூடும் என்ற அச்சமே காரணம்.

இனி, சேர்த்து வைத்தோரைப் பற்றிச் சொல்லவேண்டும். 1799 மே 4-ஆம் நாள் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. சுல்தான் வீரமரணம் எய்தினார். கோட்டையில் இருந்தவை கொள்ளைப்பொருளாகப் பங்கிடப்பட்டன. துப்பாக்கிகளும் வாள்களும் அதிகாரிகளின் பெட்டிகளில் ஏறி இங்கிலாந்து சென்றன. அப்போது சென்னையில் ஆளுநராயிருந்தவர் எட்வர்டு கிளைவ். 1751-இல் ஆரணியில் போரிட்ட ராபர்ட் கிளைவின் மகன். அக்குடும்பத்தின் வேல்ஸ் நாட்டு மாளிகையான பவிஸ் கோட்டையில் சுல்தானின் கூடாரமும் வாளும் இன்றும் உள்ளன. தந்தை ஆரணி வயல்வெளியில் தொடங்கிய கதை, மகன் காலத்தில் அந்த மாளிகையின் கண்ணாடிப் பேழையில் முடிந்தது.

அயலார் எடுத்துச் சென்றதை மட்டும் பேசி நாம் ஆறுதலடைய முடியாது. 1855-இல் தஞ்சை அரசு ஆங்கிலேயரிடம் சேர்ந்தபின், அவ்வரண்மனை ஆயுதசாலையில் பல தலைமுறையாகச் சேர்ந்திருந்த வாள்களும் ஈட்டிகளும் சென்னைக்குக் கொண்டுவரப்பட்டன. தேர்ந்தெடுத்த சில எழும்பூர் அரும்பொருட்காட்சியில் இடம்பெற்றன. மற்றவற்றில் பெரும்பகுதி உடைக்கப்பட்டுப் பழைய உலோகமாக விற்கப்பட்டது. இலண்டனுக்குச் சென்றவை கண்ணாடிப் பேழையில் பிழைத்தன. ஊரிலேயே தங்கியவை உலைக்குள் போயின. கசப்பானதாயினும் இது உண்மை.

பேழையில் பிழைத்தவற்றின் இன்றைய விலையையும் கேளுங்கள். ராபின் விகிங்டன் என்னும் ஆங்கிலேயர் திப்புவின் ஆயுதங்களைத் தேடித்தேடிச் சேர்த்து, அவற்றின் முத்திரைகளையும் எழுத்துகளையும் ஆராய்ந்து 1992-இல் நூலொன்று வெளியிட்டார். அவர் சேர்த்தவை 2015 ஏப்ரலில் இலண்டனில் ஏலம் விடப்பட்டபோது அறுபது இலட்சம் பவுனுக்கு மேல் கிடைத்தது. 2023 மே மாதத்தில் சுல்தானின் படுக்கையறை வாள் ஒன்று மட்டுமே ஒரு கோடியே நாற்பது இலட்சம் பவுனுக்கு விலைபோயிற்று. ஒரு குழலுக்கு எடைக்கல்லின் விலை, மற்றொன்றுக்குக் கோடிகள். இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு இரும்பில் இல்லை. அதன் எழுத்தைப் படித்து, யாருடையது, எங்கே செய்தது என்று ஒருவர் குறித்து வைத்தாரா என்பதில் இருக்கிறது.

மேலைநாட்டுத் துப்பாக்கி சேர்ப்போரிடம் நாம் கற்கத்தக்க ஒழுங்கு ஒன்று உண்டு. பழம்பொருளைப் பளபளக்கத் தேய்ப்பதையும் புதுப்பூச்சிடுவதையும் அவர்கள் கேடாகக் கருதுகின்றனர். தேய்த்த துப்பாக்கியின் மதிப்புக் குறைந்துவிடும். மாற்றம் செய்ய நேர்ந்தால் பழைய உறுப்பைப் பாதுகாக்கின்றனர். அமெரிக்காவின் ரூகர் நிறுவனம் தன் பழைய ஒற்றைச் செயல் துப்பாக்கிகளைக் கட்டணமின்றிப் பாதுகாப்பான அமைப்புக்கு மாற்றித் தருகிறது. கழற்றிய உறுப்புகளையும் உரியவருக்கே திருப்பி அனுப்பிவிடுகிறது. புதியதை ஏற்றுக்கொண்டும் பழையதை இழக்காதிருக்கும் வழி இது. நம் பள்ளிவாசல் கல்வெட்டுகளின்மேல் சுண்ணாம்பும் வண்ணமும் பூசிவிடும் அன்பர்கள் இதைச் சற்றுச் சிந்திக்க வேண்டுகிறோம்.

நம் நாட்டில் துப்பாக்கி சேர்ப்பது எளிதன்று. எளிதாக இருக்கவும் வேண்டியதில்லை. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பதும், அதை மாற்றியமைப்பதும், குழலைக் குறுக்குவதும் குற்றம். ஒருவர் மூன்று துப்பாக்கி வைக்கலாம் என்றிருந்தது 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் இரண்டாகக் குறைந்தது. எனினும் பழுதுபார்த்தாலும் சுட இயலாத பழம்பொருள் ஆயுதங்களுக்கு அச்சட்டத்தின் 45-ஆம் பிரிவு விலக்களிக்கிறது. நூறாண்டு கடந்த தொல்பொருள்களைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதை 1972-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. ஆகவே வீட்டில் பழைய குழலோ வாளோ கிடைத்தால் அஞ்சி எறியவும் வேண்டாம், ஒளிக்கவும் வேண்டாம். முதலில் உள்ளூர் அதிகாரிகளிடம் தெரிவியுங்கள், அரும்பொருட்காட்சியினருக்கும் எழுதுங்கள். அதற்கும் முன்பாக, எழுத்தையும் முத்திரையையும் ஒரு படம் எடுத்து வையுங்கள். அதற்கு ஒரு நிமிடம் போதும். நாம் இரண்டு மாதம் தாழ்த்தினோம்.

ஆரணியில் மற்றொரு வாணிபமும் நடக்கிறது. பழைய பட்டுச் சேலைகளை விலைக்கு வாங்கி, எரித்து, சரிகையிலுள்ள வெள்ளியைப் பிரித்தெடுப்பர். விற்கும் குடும்பத்திற்கு ஏதோ பணம் கிடைக்கிறது. தேவையுள்ளவரைக் குறைசொல்ல நமக்கு உரிமையில்லை. ஆனால் அந்த முந்தியில் ஒரு முதிய நெசவாளர் மாதக்கணக்கில் அமைத்த கொடியும் அன்னமும் வெள்ளியோடு உருகித் தீர்கின்றன. அவ்வடிவத்தை ஒருவரும் வரைந்து வைத்திருக்கமாட்டார். எடைக்குப் போன குழலும் எரிந்துபோன சேலையும் நம் கண்ணுக்கு ஒன்றாகவே தோன்றுகின்றன.

அந்த மாணவன் இப்போது இளைஞன். சாயத் தொழிலில் தந்தைக்குத் துணையாக இருக்கிறான். சென்ற ஆண்டு ஒரு நோட்டுப் புத்தகத்துடன் நம்மிடம் வந்தான். தன் தெருவில் உள்ள வீடுகளில் பழைய செம்புகளிலும் பெட்டிகளிலும் கதவு நிலைகளிலும் உள்ள எழுத்துகளை, தமிழாயினும் அரபியாயினும் உருதுவாயினும், ஒன்றுவிடாமல் அதில் படியெடுத்திருந்தான். முதல் பக்கத்தில் மட்டும் இரண்டே எழுத்துகள் இருந்தன: நினைவிலிருந்து அவன் எழுதிய ஹாவும் ராவும். அவற்றின் நடுவே ஒரு சிறு இடம் விட்டிருந்தான்.